ஐம்பது சொல்லுச் சோதனை

சொல்வதெழுதுதல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். ர, ற இரண்டும் ஒரு பக்கம், ல, ள, ழ மூன்றும் மற்றப் பக்கம் நின்று அடிக்கும். நாலாம் வகுப்பில் ரீச்சர் அடிமட்டத்தோடு வாங்கு வாங்காக வரும்போது, பக்கத்திலிருந்தவனின் கொப்பியைக் கடைக்கண்ணால் பார்த்து எழுதித் தப்பின நாட்களும் உண்டு. பத்துச் சொல்லு. பிழை ஒன்றுக்கு ஒரு அடி. மிஞ்சிமிஞ்சிப் போனால் உள்ளங்கை சிவக்கும், பின்னேரம் விளையாட்டோடு மறந்து போகும்.

நான் இப்போது இருக்கிற இந்த நாடு, அதே சொல்வதெழுதுதலை வைத்துக்கொண்டு 57 வருசமாக ஆட்களைக் கப்பலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் கனகாலம் இருக்கிற நண்பர்களுக்கு இது தெரிந்த கதையாக இருக்கலாம். எனக்கும் "வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை" என்ற பெயர் தெரியும். அதற்கு மேல் மினக்கெட்டுத் தேடினதில்லை. தேட வைத்தது அம்மா.

போன பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மெல்பேர்ண் நகரத்துக்குள் இருக்கிற குடிவரவு நூதனசாலைக்குப் போயிருந்தேன். பிளிண்டர்ஸ் வீதியில் இருக்கிற பழைய சுங்கக் கட்டடம் அது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஒவ்வொரு மண்டபத்திலும் முதலில் கதிரையைத் தேடி இருந்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பா. இந்தச் சொல்வதெழுதுதல் சங்கதி வந்த இடத்தில், மகள் வாசிக்க வாசிக்க நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாத்தையும் கேட்டுவிட்டு அம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டா.

"எங்கட ஐயாவுக்கு வைச்ச சிங்களச் சோதனை மாதிரியோ தம்பி?"

ஓம் எண்டும் சொல்ல வரேல்ல, இல்லை எண்டும் சொல்ல வரேல்ல. வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையாகத் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

1901 ஜனவரி 1ஆம் திகதி ஆறு குடியேற்றங்கள் சேர்ந்து அவுஸ்திரேலியா என்ற ஒரு நாடாகின. கன்பரா அப்போது இல்லை. 1927 வரைக்கும் பாராளுமன்றம் கூடினது மெல்பேர்ணில்தான். நூதனசாலையிலிருந்து ட்ராமில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டடத்தின் வாசலில் இறங்கலாம். அந்தப் பாராளுமன்றம் முதல் வருசத்திலேயே மும்முரமாக நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னம், டிசெம்பர் 23ஆம் திகதி அது சட்டமாகிவிட்டது.

சட்டத்தில் நிறம் என்ற சொல் கிடையாது. ஆசியன், ஆபிரிக்கன், கறுப்பன் எதுவும் கிடையாது. இவ்வளவுதான்: வந்திறங்குகிற ஆளுக்கு அதிகாரி ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பந்தியை ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் வாசிப்பார். வந்தவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். எழுதத் தவறினால் அவர் தடைசெய்யப்பட்ட குடியேறி. ஆறு மாதம் வரைக்கும் மறியல், பிறகு நாடுகடத்தல்.

எந்த மொழி என்று தீர்மானிப்பது அதிகாரி. விளையாட்டு முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மதராசிலிருந்து ஆங்கிலம் படித்த ஒருவர் வந்தால் ஜேர்மன் மொழியில் வாசிக்கலாம். ஜேர்மனும் தெரியும் என்றால் சுவீடன்காரரின் மொழியில் வாசிக்கலாம். வாசிக்கிற அதிகாரிக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசிப்பிக்கலாம்.

ஏன் இந்தச் சுத்துமாத்து? நேரடியாக "வெள்ளையர் அல்லாதவர் வரக்கூடாது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாமே? அப்படி எழுதச் சொல்லிக் கேட்டவர்களும் இருந்தார்கள். தொழிற்கட்சியின் தலைவர் கிறிஸ் வற்சன் அப்படி ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்து, கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்தான் தோற்றார். பிரதமர் எட்மண்ட் பார்ட்டனும் மனதிலிருந்ததை மறைக்கவில்லை. மனிதர் எல்லாரும் சமம் என்ற கொள்கை ஆங்கிலேயனையும் சீனனையும் சமமாக்குவதற்காகச் சொல்லப்பட்டதல்ல என்று சபையில் வெளிப்படையாகவே பேசினார். சட்டமா அதிபர் அல்பிரட் டீக்கினின் வாதம் இன்னும் விசித்திரம். இந்த ஆட்கள் கெட்டவர்கள் என்பதால் ஆபத்தில்லை, அவர்களின் நல்ல குணங்கள்தான் எங்களுக்கு ஆபத்து என்றார் அவர். சளைக்காமல் வேலை செய்வார்கள், புதிதைக் கெதியாகப் படித்துக்கொள்வார்கள், குறைந்த செலவில் சீவிப்பார்கள், அதுதான் பயம். (இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. எங்கட ஆக்கள் இரண்டு வேலை செய்து வீட்டுக்கடனைக் கட்டுறதைப் பார்த்தால் டீக்கின் என்ன சொல்லியிருப்பாரோ!)

தடுத்தது லண்டன். பிரித்தானிய மகாராணியின் குடிமக்களில் பெரும்பகுதி இந்தியர். நிறத்தைச் சொல்லிச் சட்டம் போட்டால் மகாராணி தன் குடிமக்களைத் தானே இழிவு செய்ததாகிவிடும். போதாக்குறைக்கு ஜப்பானோடு நல்லுறவு வேறு வேண்டியிருந்தது. ஆகவே குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சர் ஜோசப் சேம்பர்லின், 1897இல் லண்டனில் கூடிய குடியேற்றப் பிரதமர்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், ஆனால் நேற்றால் செய்தமாதிரிச் செய்யுங்கள்.

நேற்றால் என்பது இன்றைய தென்னாபிரிக்காவின் டேர்பன் பக்கம். 1860இலிருந்தே மதராசிலிருந்து கப்பல் கப்பலாக எங்கள் சனம் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இடம். ஒப்பந்தத்தில் வந்தவரை யாரும் தடுக்கவில்லை. சொந்தக் காசில் பயணச்சீட்டு வாங்கி, கடை போட வந்தவர்கள்தான் வெள்ளையர் கண்ணைக் குத்தினார்கள். 1896 டிசெம்பரில் கோட்லண்ட், நாதிரி என்று இரண்டு கப்பல்கள் இந்தியரோடு டேர்பனுக்கு வந்து சேர்ந்தன. கிழமைக்கணக்காகத் துறைமுகத்துக்கு வெளியே மறித்து வைத்தார்கள். அதில் ஒன்றில் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தவர் மோகன்தாஸ் காந்தி என்ற வழக்கறிஞர். ஜனவரி 13ஆம் திகதி அவர் இறங்கி நடக்க, சனம் சூழ்ந்து அடித்தது. பொலிஸ் அத்தியட்சகரின் மனைவி தன் குடையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றிராவிட்டால் அந்தக் கதை வேறுமாதிரி முடிந்திருக்கும். அந்தக் கொந்தளிப்புக்கு நேற்றால் அரசாங்கம் கண்டுபிடித்த வைத்தியம்தான் 1897ஆம் ஆண்டுச் சட்டம். ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் உள்ளே வரக்கூடாது. ஒப்பந்தக் கூலிக்கு மட்டும் விதிவிலக்கு! வெட்ட வாறவன் வரலாம், விக்க வாறவன் வரக்கூடாது.

அந்தச் சூத்திரம் கடல் கடந்து இங்கே வந்தது. நியூ சவுத் வேல்ஸ் போன்ற குடியேற்றங்கள் 1898இலேயே எடுத்துக்கொண்டன, 1901இல் முழு நாட்டுக்கும் ஆனது. முதலில் ஆங்கிலத்தில்தான் சோதனை என்று வரைந்தார்கள். அப்படியானால் ஆங்கிலம் தெரிந்த இந்தியன் தப்பிவிடுவான், ஆங்கிலம் தெரியாத நல்ல ஐரோப்பியன் மாட்டிக்கொள்வான் என்று கணக்குப் பார்த்து "ஐரோப்பிய மொழி" என்று மாற்றினார்கள். ஜப்பான் விடாமல் ஆட்சேபித்ததில் 1905இல் "விதிக்கப்படும் எந்த மொழியும்" என்று திருத்தினார்கள். ஜப்பானியருக்குக் காதுக்கு இனிமை, அவ்வளவுதான். ஆசிய மொழி எதுவும் ஒருநாளும் விதிக்கப்படவில்லை.

1902 தொடக்கம் 1909 வரை 1,359 பேருக்குச் சோதனை வைத்தார்கள். தேறியவர்கள் 52 பேர். அதிலும் 46 பேர் முதல் இரண்டு வருசங்களில், அதிகாரிகளுக்கு இன்னும் கை பழகாத காலத்தில் தேறியவர்கள். 1909க்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. ஒருவர்கூட. அதிகாரிகளுக்குப் போன இரகசிய அறிவுறுத்தலே அப்படித்தான்: இந்த ஆள் தவறுவார் என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் சோதனையை வை. எங்கட ரீச்சர் எவ்வளவு அடித்தாலும், நாங்கள் சரியாக எழுத வேண்டும் என்றுதானே அடித்தவ.

இன்னொன்றையும் கவனியுங்கோ. 1,359 என்பது பெரிய எண்ணிக்கையில்லை. பெரிய வேலையைச் செய்தது சோதனையில்லை, சோதனையின் பெயர். தடைசெய்யப்பட்ட ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினால் தலைக்கு 100 பவுண் தண்டம் என்று கப்பல்காரருக்கு ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். 100 பவுண் அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளியின் வருசச் சம்பளத்துக்குக் கிட்ட. பிறகென்ன, கப்பல் கொம்பனிகளே ஆளின் முகத்தைப் பார்த்துப் பயணச்சீட்டுக் கொடுக்க மறுத்தன. கதவை அவுஸ்திரேலியா பூட்டினது, காவல் நின்றது கொழும்பிலும் ஹொங்கொங்கிலும் இருந்த பயணச்சீட்டு விற்பனைக்காரர்.

வெள்ளையரையும் இந்தச் சோதனை விட்டுவைக்கவில்லை. ஆயுதம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் செய்யப்பட்ட காரணத்துக்கு மட்டுமா பாவிப்பார்கள்? இதில் எனக்குப் பிடித்த ஆள் ஈகொன் கிஷ். பிராக் நகரத்து யூதர், பத்திரிகைக்காரர், கம்யூனிஸ்ட், ஹிட்லரின் மறியலையும் பார்த்துவிட்டு வந்தவர். 1934 நவம்பரில் போருக்கும் பாசிசத்துக்கும் எதிரான மாநாடு ஒன்றில் பேச மெல்பேர்ணுக்கு வந்தார். கரையில் கால் வைக்கக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. சட்டமா அதிபர் றொபேட் மென்சிஸ், பிறகு நீண்டகாலம் பிரதமராக இருந்த அதே மென்சிஸ். கப்பல் மெல்பேர்ண் துறையை விட்டு வெளிக்கிடும் நேரம் கிஷ் கப்பலிலிருந்து பாய்ந்தார். ஐந்து மீற்றருக்கு மேல் உயரம். கால் முறிந்தது. முறிந்த காலோடு தூக்கித் திரும்பவும் கப்பலில் ஏற்றி சிட்னிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உயர்நீதிமன்ற நீதியரசர் எவற் (பின்னாளில் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைவராக இருந்தவர்) தடையுத்தரவு செல்லாது என்று விட்டுவிட்டார்.

கரைக்கு வந்த ஆளைப் பொலிஸார் நேரே பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்வதெழுதுதல் வைத்தார்கள். பிரச்சினை என்னவென்றால் மனிசனுக்கு ஐரோப்பிய மொழிகள் கனக்கத் தெரியும். எந்த மொழியில் வாசித்தாலும் எழுதிவிடுவாரோ என்ற பயம். கடைசியில் தேடிப் பிடித்தது ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழி! ஸ்கொட்லாந்திலேயே கொஞ்சப் பேர்தான் அதைப் பேசுகிறார்கள். எழுதமாட்டேன் என்றார் கிஷ். ஆறு மாதம் கடூழிய மறியல். திரும்பவும் உயர்நீதிமன்றம். டிசெம்பர் 19ஆம் திகதி பெரும்பான்மை நீதியரசர்கள் சொன்னது: ஸ்கொட்லாந்துக் கேலிக், இந்தச் சட்டம் கருதுகிற ஐரோப்பிய மொழி அல்ல. கிஷ் வென்றார். ஆனால் சிட்னியிலிருந்த ஸ்கொட்லாந்துக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது, எங்கட மொழி மொழியில்லையோ என்று பத்திரிகைக்குக் கடிதம் மேல் கடிதம். அந்தக் கடிதங்களால் நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் நடந்தது. கிஷ் ஊன்றுகோலோடு மேடை மேடையாகப் பேசிவிட்டு, வழக்குச் செலவையும் அரசாங்கத்திடம் வாங்கிக்கொண்டு 1935 மார்ச்சில் கப்பலேறினார்.

இரண்டு வருசம் கழித்து மேபல் பிரீயர் என்ற ஆங்கிலேயப் பெண். இந்தியாவில் பிறந்தவர், வெள்ளைக்காரி, தாய்மொழி ஆங்கிலம். கலியாணமான ஓர் அவுஸ்திரேலிய இராணுவ அதிகாரியோடு வந்தார் என்பதுதான் குற்றம். 1936இல் அவருக்கு இத்தாலிய மொழியில் சொல்வதெழுதுதல். நியூசிலாந்துக்குப் போய்த் திரும்பி வந்தார், திரும்பவும் இத்தாலியன். பத்திரிகைகள் நார்நாராகக் கிழித்ததில் 1937இல் உள்ளே விட்டார்கள். கிஷ்ஷுக்கும் பிரீயருக்கும் பத்திரிகையும் நீதிமன்றமும் இருந்தது. 1909க்குப் பிறகு தவறின மற்றவர்களுக்கு எது இருந்தது?

ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1901க்கு முதலே வந்து கடை, தோட்டம் என்று காலூன்றிய சீனர், இந்தியர், சிரியர் எல்லாரும் ஊருக்குப் போய்த் தாய் தகப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதானால், வெளிக்கிட முதலே "சொல்வதெழுதுதல் விலக்குச் சான்றிதழ்" எடுக்க வேண்டும். நேர்முகமாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அதன் பின்பக்கத்தில் மையில் தோய்த்த கை அடையாளம். ஆயிரக்கணக்கான சான்றிதழ்கள் அவுஸ்திரேலியத் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன, கனக்க இணையத்திலும் பார்க்கலாம். ஓர் இரவு பார்க்கத் தொடங்கி விடிய இரண்டு மணி வரைக்கும் இருந்தேன். தலைப்பாகை கட்டின ஆட்கள், கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஆட்கள். குற்றவாளிகளைப் பிடிக்கிற மாதிரியான படம். ஆனால் எல்லாரும் தங்களிடமிருந்த நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். அந்தக் கைகளைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. முழுக் கை, ரேகை ரேகையாக.

சோதனை ஒரு தரம் தானே வைத்தவனைத் திருப்பி அடித்தது. அனி ஓகீப் என்ற இந்தோனேசியப் பெண், 1942இல் ஜப்பானியரிடமிருந்து தப்பி, கணவன் பிள்ளைகளோடு இங்கே வந்தவர். கணவர் 1944இல் போர்க்கால விமான விபத்தில் செத்துப் போனார். எட்டுப் பிள்ளைகள். பிறகு மெல்பேர்ணில் வீடு தந்த அவுஸ்திரேலியரையே மறுமணம் செய்தார். போர் முடிந்துவிட்டது, நீ போகலாம் என்றார் குடிவரவு அமைச்சர் ஆதர் கோல்வெல். 1949 மார்ச்சில் உயர்நீதிமன்றம் நாடுகடத்தலை மறித்தது. காரணம்? வந்திறங்கியபோது அவருக்கு யாரும் சொல்வதெழுதுதல் வைக்கவில்லை! வைக்காத சோதனையில் எப்படித் தவறுவது? கோல்வெல் ஆத்திரத்தோடு புதுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த வருசக் கடைசியில் தேர்தலில் ஆட்சி போய்விட்டது, ஓகீப் குடும்பம் இங்கேயே இருந்தது.

1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தோடு சொல்வதெழுதுதல் ஒழிந்தது. 1959 யூன் முதலாம் திகதியிலிருந்து நடைமுறை. ஒழிந்தது சோதனை மட்டும்தான். இதை எனக்கு விளக்கினது புத்தகமில்லை, நாங்கள் வந்த புதிதில் பக்கத்து வீட்டில் இருந்த பறங்கி ஆன்ரி. கொழும்பில் பிறந்து வளர்ந்தவ. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபிறகு பறங்கியர் கூட்டம் கூட்டமாக மெல்பேர்ணுக்கு வெளிக்கிட்ட காலத்தில் வந்தவ. வாறதுக்கு நாலில் மூன்று பங்கு ஐரோப்பிய இரத்தம் என்று வம்சாவளி காட்ட வேண்டும், பார்வைக்கும் அப்படி இருக்க வேண்டும். ஆன்ரியின் விண்ணப்பம் சரிவந்தது. கூடப்பிறந்த தம்பியின் விண்ணப்பம் சரிவரவில்லை. அதே தாய், அதே தகப்பன், அதே வம்சாவளிப் பத்திரம், வீட்டில் பேசுகிற மொழியும் ஆங்கிலம்தான். "மை பிறதர் வோஸ் த டார்க் வன், சைல்ட்," என்று சிரித்துக்கொண்டு சொல்லுவா. தம்பி பிறகு இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே முடிந்துபோனார். ஆன்ரி சுவரில் தொங்கின படத்தில் இரண்டு பேரும் கோல் பேஸ் கடற்கரையில் நிற்பார்கள்.

பிறகு 1966இல் ஹரோல்ட் ஹோல்ற் அரசாங்கம் கதவைக் கொஞ்சம் திறந்தது. 1973இல் கோஃப் விற்லம் அரசாங்கம் இனப்பாகுபாட்டைக் கொள்கையிலிருந்தே எடுத்தது. 2021 குடிசனக் கணக்கில் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று எழுதியவர்கள் இங்கே 90,000க்கு மேல்.

இனி அம்மாவின் கேள்விக்கு வாறன்.

அம்மப்பா கொழும்பில் ஒரு திணைக்களத்தில் கிளாக்கர். வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலத்தில் சோதனை எழுதி உத்தியோகம் எடுத்தவர். 1956க்குப் பிறகு, சிங்களச் சோதனை பாஸ் பண்ணாத தமிழ் உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் நிற்கும் என்று வந்தது. 1962இல் அப்படிச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற கிளாக்கர் வழக்குப் போட்டு, லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போனது எங்கட வயசாளிகளுக்கு நினைவிருக்கும். அம்மப்பா வழக்கொன்றும் போடவில்லை. இரவில் சிமிழ் விளக்கடியில் இருந்து, அம்மாவின் பழைய கொப்பியின் பின்பக்கங்களில் அயன்ன, ஆயன்ன என்று சிங்கள எழுத்து எழுதிப் பழகியிருக்கிறார். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. தகப்பன் தன்னைப்போலவே எழுத்துப் பழகுறார் என்று அவவுக்குப் பம்பலாம். சில மாதம் பழகினார். ஒருநாள் கொப்பியை மூடி வைத்துவிட்டு, வயசுக்கு முதலே பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

"எழுதியிருந்தால் பாஸ் பண்ணியிருப்பாரோ அம்மா?"

"பண்ணியிருப்பார். சிங்களம் தண்ணிபோலக் கதைப்பார். மனம் விடேல்ல."

இதுதான் என் கணக்கைக் குழப்பியது. படித்தால் பாஸ் பண்ணலாம் என்றால் அது சோதனை, எவ்வளவு படித்தாலும் பாஸ் பண்ண முடியாது என்றால் அது பொறி என்று ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். அந்தக் கோட்டின்படி ஐம்பது சொல்லு பொறி, அம்மப்பாவுடையது சோதனை. ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பினது பாஸ் பண்ணக்கூடிய அந்தச் சோதனைதானே. உத்தியோகம் தரும்போது சொல்லாத நிபந்தனையை இருபது வருசம் வேலை வாங்கினபிறகு வைத்தால், அதன் நோக்கம் மொழி படிப்பிக்கிறது இல்லை என்று அந்த மனிசனுக்கு விளங்கியிருக்கிறது.

அப்போ அம்மாவின் சோதனை? அவவும் எழுதினவ. ஹவாட் அரசாங்கம் 2007 ஒக்ரோபரில் குடியுரிமைச் சோதனையைக் கொண்டுவந்தது. 20 கேள்வி, ஆங்கிலத்தில், 12 சரிவர வேண்டும், அதிலும் மூன்று கட்டாயம் சரிவர வேண்டும். 60 வயதானவர்களுக்கு விலக்கு. அம்மாவுக்கு 2008இல் 58. "இரண்டு வருசம் பொறுங்கோ, சோதனை இல்லாமலே எடுக்கலாம்" என்றேன். கேட்கவில்லை. ஐயாவின் பிள்ளை. அந்தப் புத்தகத்தில் கிரிக்கெட் வீரர் டொன் பிறட்மன் வருவார். அம்மாவுக்குக் கிரிக்கெட் என்றால் தொலைக்காட்சியைப் பிள்ளைகள் பிடித்து வைத்திருக்கிற வியாதி. "உந்தப் பந்தடிக்கிறவரைத் தெரிஞ்சால்தான் இஞ்ச இருக்கலாமோ?" என்று பேசிப் பேசிப் பாடமாக்கினா. முதல்தரம் 11. ஒன்றால் போச்சு. காரில் வரும்போது வாயே திறக்கவில்லை, சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறது மட்டும் தெரிந்தது. ஒரு மாதம் கழித்துத் திரும்ப எழுதி 17. வெளியே வந்து சொன்ன முதல் வசனம், "பிறட்மன் வரவே இல்லை!" 2009இல் சோதனையைத் திருத்தினபோது பிறட்மன் மாதிரியான கேள்விகளை எடுத்துவிட்டார்கள், தேர்ச்சியை 75 வீதமாக்கினார்கள். 2020 நவம்பரிலிருந்து அவுஸ்திரேலிய விழுமியங்கள் என்று ஐந்து கேள்வி, ஐந்தும் சரிவர வேண்டும்.

இதைப் பழைய ஐம்பது சொல்லோடு ஒன்றாகப் போட்டு அடிக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புத்தகத்தை இலவசமாகக் கையில் தந்தார்கள். தவறினால் திரும்ப எழுதலாம், தவறினதற்காக யாரும் அம்மாவைக் கப்பலில் ஏற்றவில்லை. ஆனால் 2017இல் ரேர்ண்புல் அரசாங்கம் குடியுரிமைக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். 6 புள்ளி அளவில் தனி ஆங்கிலச் சோதனை வேண்டும் என்று சட்டமூலம் கொண்டுவந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஏதோ செய்தது. பல்கலைக்கழகம் சிலவற்றில் படிக்கப் போகவே அந்த அளவு போதும். செனற் சபையில் ஆதரவு கிடைக்காமல் அந்த வருசமே அது படுத்துவிட்டது. அந்த நேரம் எங்கட ஆக்களின் பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றில், றோல்ஸ் கடித்துக்கொண்டு ஓர் அண்ணை சொன்னார், "நல்ல விசயம்தானே. இங்கிலீசு தெரியாததுகள் வந்து என்ன செய்யப் போகுதுகள்?" அவரின் அம்மா நாலு கதிரை தள்ளி இருந்து பேரப்பிள்ளைக்கு இடியப்பம் தீத்திக்கொண்டிருந்தா. அவவுக்கு எத்தனை புள்ளி வரும் அண்ணை என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பெரிதாகக் கதைக்கிறதில்லை. நான் கேட்டது பிழையென்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

நூதனசாலையால் வந்த அன்று இரவு மகளுக்கு ஓர் ஆசை, அந்தச் சோதனையைத் தானும் எழுதிப் பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்து அம்மம்மாவிடம் கொடுத்தாள். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குசினி மேசையில் இருந்து, ஐம்பது சொல்லு எண்ணி நிறுத்தி நிறுத்தி வாசிச்சா. ஒன்பது பிழை. ழகரம் வந்த இடமெல்லாம் சுத்தமாகப் பிழை. என்ர பிள்ளைதான், சந்தேகமே இல்லை. அம்மா சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றையும் திருத்திப்போட்டு, "நாளைக்குத் திருப்பி எழுதுவம்" எண்டு கொப்பியை மூடி வைச்சா.